குட்டிப் பாம்பு சாப்பிட மாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்கறது சிங்கப்பூர் யீஷூன்ல. படிப்பு, அப்புறம் வேலைன்னு மான்செஸ்டர்ல இருந்த காலத்துல கார்ன் ஸ்னேக் வளத்தேன், முட்ட பொரிச்சு குட்டிங்களயும் வளத்து மத்தவங்களுக்கு குடுத்திருக்கேன், ஊர் திரும்பறப்ப எல்லாத்தையும் அங்கயே கூட்டாளிங்ககிட்ட விட்டுட்டு வந்துட்டேன், ஏன்னு மொதக் கேள்விலயே இருக்கு. இப்ப நம்ம பிள்ளைங்க மெல்பர்ன், பெர்த், லண்டன்னு படிக்கப் போறாங்க, போன எடத்துல ஒரு குட்டிப் பாம்ப வாங்கிடறாங்க, அது சாப்பிடலன்ன உடனே எனக்கு மெசேஜ் வருது. சில சமயம் பிள்ளையோட அம்மாகிட்டேருந்தே வருது. ஒரே பதில எத்தன வாட்டி டைப் பண்றது, அதான் மொத்தமா ஒரே எடத்துல போட்டுட்டேன். இதெல்லாம் கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக், ராயல் பைத்தான் மாதிரி எலி திங்கற சாதாரண வளர்ப்புப் பாம்புக்கு மட்டும்தான், வெஷப் பாம்பு பத்தி என்னைக் கேக்காதீங்க.

அண்ணே, சிங்கப்பூர்லயே வளக்கலாமா? சின்னதா ஒன்னே ஒன்னு?

முடியாது. சின்னதோ பெருசோ, வெஷம் இருக்கோ இல்லயோ, இங்க பாம்ப வீட்டுல வச்சுக்கறது சட்ட விரோதம். ஊர்வனவுல சிவப்புக் காது ஆமை மாதிரி ஒன்னு ரெண்டு ஆமையத் தவிர வேற எதுக்கும் அனுமதி கெடையாது. இத பாக்கறது என்பார்க்ஸ்ல, அதாவது தேசிய பூங்காக் கழகத்துல இருக்கற ஏவிஎஸ்ங்கற விலங்குப் பிரிவு, அனுமதி இல்லாம காட்டு விலங்கு வச்சிருந்து மாட்டினா 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும், பாதுகாக்கப்பட்ட வகைன்னா இன்னும் அதிகம். ஜொகூர் பாரு, அதான் ஜேபில மாமா வச்சிருக்காரு, அங்கேருந்து எடுத்துட்டு வரலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. மாமா வச்சிருக்கறது மலேசியா சட்டப்படி, அதுக்கு அங்க வனவிலங்குத் துறை பெர்ஹிலித்தான்கிட்ட லைசென்ஸ் வேணுமான்னு அவரு பாத்துப்பாரு, நீங்க அத பையில போட்டுகிட்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடில வந்து நின்னீங்கன்னா அது வேற கத.

வெளியூர்லயும் ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு சட்டம். பிரிட்டன்ல கார்ன் ஸ்னேக்கோ ராயல் பைத்தானோ வாங்க லைசென்ஸ் தேவையில்ல. ஆஸ்திரேலியாவுல அந்த ஊர் பாம்பு மட்டும்தான், அதுக்கும் பெரும்பாலும் மாநில லைசென்ஸ் எடுக்கணும், கார்ன் ஸ்னேக் அங்க கூடவே கூடாது, அதனால நம்ம பசங்க அங்க சில்ட்ரன்ஸ் பைத்தான், கார்பெட் பைத்தான் இதெல்லாம் வளக்கறாங்க. நியூசிலாந்துல பாம்பே கெடையாது, ஆசையும் வச்சுக்காதீங்க.

வாங்கிட்டு வந்து மூனு நாளாச்சு, எலிய மோந்துகூட பாக்கல. செத்துடுமா?

சாவாது. மூனு நாள்ல நீங்க ஏன் சாப்பாடு வச்சீங்க, அதான் என் கேள்வி. புது எடம், புது வாசன, பெட்டியில குலுங்கி குலுங்கி வந்திருக்கு, அது மொதல்ல இங்க யாராவது என்னைத் திம்பாங்களான்னுதான் பாக்கும். ஒரு வாரம் விடுங்க. தொடாதீங்க, தூக்காதீங்க, கூட்டாளிங்கள கூப்புட்டு காட்டாதீங்க, தண்ணி மட்டும் மாத்துங்க. ஒரு வாரம் கழிச்சு மொத தடவ வைங்க, எடுக்கலன்னா எலிய எடுத்துப் போட்டுட்டு இன்னும் அஞ்சாறு நாள் சும்மா இருங்க. தெனமும் வைக்கறதுதான் எல்லாரும் பண்றது, தெனமும் வச்சா தெனமும் பயப்படும், அப்புறம் அந்த எலி வாசன வந்தாலே மூலைக்கு ஓடும்.

நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப கஷ்டம்னு எனக்குத் தெரியும். பிளாக்குக்குக் கீழ வாய்டு டெக்ல கிண்ணத்த எடுத்துகிட்டு பேரப்புள்ள பின்னாடியே ஓடற பாட்டிங்க வளத்த கூட்டம்தான நாம, ஒரு வேள சாப்பிடலன்னா நமக்குத் தாங்காது. பாம்புக்கு அந்தப் பாசம் ஒத்துக்காது. விட்டுத்தான் பிடிக்கணும்.

முட்டைலேருந்து வந்த குட்டி, இன்னும் ஒன்னுமே சாப்பிடல

மொத சட்ட உரிச்சுதா? கார்ன் ஸ்னேக் குட்டி பொரிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல மொத சட்ட உரிக்கும், ராயல் பைத்தானுக்கு ஒன்னு ரெண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் வயித்துல முட்ட மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், பசியே வராது. உரிச்சதுக்கு அப்புறம்தான் மொத சாப்பாடு.

எவ்ளோ நாள் சாப்பிடாம தாங்கும்?

நாள எண்ணாதீங்க, கிராம எண்ணுங்க. கேக் செய்யறவங்க வச்சிருப்பாங்களே, ஒரு கிராம் வரைக்கும் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு, அதுல ஒரு டப்பாவ வச்சு சைபர் பண்ணிட்டு பாம்ப டப்பாக்குள்ள விட்டு எட பாருங்க, வாரத்துக்கு ஒரு வாட்டி போதும், எழுதி வைங்க. கார்ன் ஸ்னேக் குட்டி பொரிச்சப்ப 5லேருந்து 8 கிராம்தான் இருக்கும், அதுக்கு 0.1 கிராம் காட்டற தராசு இருந்தா நல்லது. ராயல் பைத்தான் குட்டி 50லேருந்து 80 கிராம், கையிருப்பு அதிகம், அதனால கொஞ்சம் நாளு தாங்கும்.

எட அப்படியே நிக்குது, பாம்பு சுறுசுறுப்பா இருக்கு, நாக்கு நீட்டுதுன்னா நிதானமா இருங்க. பத்துல ஒரு பங்கு எட கொறஞ்சிடுச்சுன்னா வெட், அதான் மிருக டாக்டர்கிட்ட காட்டற நேரம் வந்தாச்சு. மேலேருந்து பாத்தா முதுகெலும்பு கூர மாதிரி தூக்கிட்டு நிக்குது, வாலுக்குப் பக்கத்துல தோலு மடிப்பு விழுதுன்னா தராசே வேணாம், அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

சூடு எவ்ளோ இருக்கணும்? ரூம்ல ஹீட்டர் ஓடுது, போதாதா?

எனக்கு வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல இங்கதான் பிரச்சன, அதுவும் நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு ஸ்பெஷலா. ஏன்னா சிங்கப்பூர்ல பொறந்து வளந்தவனுக்கு வெளிய எப்பவும் முப்பது டிகிரி, வீட்டுக்குள்ள ஏர்கான், சூடுன்னா அத கொறைக்கத்தான் தெரியும், ஏத்தத் தெரியாது. மெல்பர்ன்ல ஜூலை மாசம் ராத்திரி, பில்லு ஏறும்னு ஹீட்டர அணைச்சிட்டு இவன் போர்வைக்குள்ள போயிடறான், ரூம் 15 டிகிரிக்கு எறங்குது. பாம்போட ஒடம்பு தானா சூடு பண்ணிக்காது, வெளிய எவ்ளோ சூடோ அவ்ளோதான் உள்ளயும். சூடு இல்லன்னா செரிமானம் ஓடாது, செரிமானம் ஓடாதுன்னு அதுக்கே தெரியும், அதான் வாயத் தொறக்க மாட்டேங்குது. மீறி முழுங்கினா எலி வயித்துலயே அழுகிடும், கக்கிடும்.

கார்ன் ஸ்னேக்னா அது இருக்கற பிளாஸ்டிக் டப்போட ஒரு பக்கம் 28லேருந்து 30 டிகிரி, இன்னொரு பக்கம் 22லேருந்து 24. ராயல் பைத்தான்னா சூடு பக்கம் 31லேருந்து 33, ஆறின பக்கம் 25லேருந்து 27. ஒரு பக்கம் மட்டும் சூடு, அதுதான் முக்கியம், எது வேணுமோ அங்க அது போய் படுத்துக்கும். அடியில வைக்கற ஹீட் மேட்டோ பல்போ எது வச்சாலும், சூட்ட ஒரு அளவுல நிறுத்தற தெர்மோஸ்டாட் இல்லாம வைக்காதீங்க, தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் 40 டிகிரியத் தாண்டி பாம்போட வயித்த சுட்டுடும், சுட்டாலும் சில சமயம் பாம்பு நகராம அங்கயே படுத்து கெடக்கும். கண்ணாடியில ஒட்டற வட்ட தெர்மோமீட்டர் காத்த அளக்கும், தரைய அளக்காது, நம்பாதீங்க. கம்பி நுனியில சென்சார் இருக்கற டிஜிட்டல் மீட்டர் பாம்பு படுக்கற எடத்துல இருக்கணும்.

ஈரப்பதமும் பாருங்க. ராயல் பைத்தானுக்கு 50லேருந்து 60 சதவீதம், சட்ட உரிக்கறப்ப 70. நம்ம ஊர்ல சும்மா இருந்தாலே 80 இருக்கும், அங்க ஹீட்டர் போட்ட ரூம்ல காத்து காஞ்சு போய் கெடக்கும்.

பெரிய கண்ணாடி டேங்க் வாங்கினேன், அழகா லைட் எல்லாம் போட்டேன், ஆனாலும் சாப்பிடல

அந்த அழகுதான் பிரச்சன. காட்டுல ராயல் பைத்தான் இருக்கற எடம் ஆப்பிரிக்காவுல எலி வளை, கரையான் புத்து. பகல் பூரா இருட்டுல, நாலு பக்கமும் ஒடம்புல மண்ணு ஒரசற மாதிரி சுருண்டு கெடக்கும். அத நீங்க நடு ஹால்ல நாலு பக்கமும் கண்ணாடி, மேல வெளிச்சம், பக்கத்துல டிவின்னு வச்சா அது பாவம் எங்க போகும்?

குட்டிக்கு சின்ன எடம் போதும், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்ல காத்துக்கு ஓட்ட போட்டது நல்லா ஒத்துக்கும். பெரிய டேங்க்தான் இருக்குன்னா உள்ள காலி எடமே தெரியாத அளவுக்கு எல, பட்ட, டாய்லெட் பேப்பர் உருள அட்டைன்னு போட்டு ரொப்புங்க, மூனு பக்கம் கறுப்பு பேப்பர் ஒட்டுங்க. ஒளிஞ்சுக்கற டப்பா ரெண்டு வேணும், சூடு பக்கம் ஒன்னு, ஆறின பக்கம் ஒன்னு, ரெண்டும் ஒரே மாதிரி. ஒன்னே ஒன்னு வச்சா சூடா இல்ல பாதுகாப்பான்னு அது தேர்ந்தெடுக்கணும், பாதுகாப்பத்தான் எடுக்கும். டப்பா இறுக்கமா இருக்கணும், பாம்பு சுருண்டா சுவரத் தொடணும்.

ரெண்டு குட்டிய ஒன்னா வச்சிருந்தா இன்னைக்கே பிரிச்சிடுங்க. பாம்புக்கு தொண வேணாம்.

கண்ணு வெள்ளையா நீலமா ஆயிடுச்சு, சாப்பிடல

சட்ட உரிக்கப் போகுது. அப்ப கண்ணு சரியாத் தெரியாது, பெரும்பாலும் சாப்பிடாது. உரிச்சு முடிச்ச அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ வைங்க, நல்ல பசியில இருக்கும்.

ஃபிரீசர் எலிய எப்படி குடுக்கறது?

மைக்ரோவேவ் கூடாது, உள்ள வெந்து வெளிய பச்சையா இருக்கும், சில சமயம் வெடிக்கும், அப்புறம் அந்த வாசனைய வீட்டு ஓனருக்கு நீங்கதான் விளக்கணும். மொத நாள் ராத்திரியே ஒரு பைல போட்டு கீழ் ஃபிரிட்ஜ்ல எறக்கி வைங்க. கார்ன் ஸ்னேக் குட்டிக்கு குடுக்கறது பிங்கி, அதாவது கண்ணு தொறக்காத, முடி மொளைக்காத, செவப்பா இருக்கற எலிக்குஞ்சு, ஒன்னு ரெண்டு கிராம்தான், சீக்கிரம் எளகிடும். குடுக்கறதுக்கு முன்னாடி பையோட வெந்நியில போடுங்க, கை பொறுக்கற சூடு, 38 டிகிரி இருந்தா சரி. வெளிய எடுத்து வயித்த மெதுவா அமுக்கிப் பாருங்க, நடுவுல கல்லு மாதிரி ஏதும் தட்டுப்பட்டா உள்ள இன்னும் ஐஸ் இருக்கு, திரும்ப போடுங்க. ஈரத்த டிஷ்யூல ஒத்தி எடுத்துடுங்க. ராயல் பைத்தானுக்கு ஒதட்டுல சூட்ட ஒணர்ற குழி இருக்கு, அதனால கடைசி நேரத்துல தலைய மட்டும் இன்னொரு வாட்டி வெந்நியில முக்கினா இருட்டுலயும் சரியா குறி வைக்கும். கார்ன் ஸ்னேக்குக்கு அந்தக் குழி கெடையாது, அது வாசனைய வச்சுத்தான் தேடும்.

நேரம் சாயங்காலத்துக்கு மேல, விளக்கணைச்சு. நீளமான இடுக்கியில எலியோட இடுப்பப் பிடிச்சு, தல முன்னாடி வர மாதிரி, பாம்புக்கு நேரா கொண்டு போகாம பக்கவாட்டுல கொண்டு போங்க. அப்ப பாம்பப் பாருங்க. சும்மா இருந்தப்ப வேகமா நாலா பக்கமும் அலஞ்ச நாக்கு இப்ப மெதுவாகும், ஒரே தெசையில நீண்டு நீண்டு உள்ள போகும். தல கொஞ்சம் எறங்கும், கழுத்து பின்னாடி இழுத்து வளையும். அந்த நேரத்துல நீங்க கைய ஆட்டக்கூடாது, லேசா ஒரு துடிப்பு மட்டும், நின்னுடணும். பட்டுனு ஒரு அடி, ரெண்டு சுத்து சுத்திக்கும். நீங்க இடுக்கிய விட்டுட்டு மூடிய மெதுவா சாத்திட்டு போயிடுங்க. நின்னு போட்டோ எடுத்தா குட்டி எலிய விட்டுட்டு ஓடும், பல பேருக்கு கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம போறது இந்த போன் வெளிச்சத்துனாலதான். முழுங்கறப்ப தாட எடப் பக்கம் ஒரு நட, வலப் பக்கம் ஒரு நட வச்சு எலி மேல ஏறி வர மாதிரி இருக்கும், கழுத்துல அந்த உருண்ட எறங்கினதுக்கு அப்புறம் பெருசா ஒரு கொட்டாவி விடும், தாடைய சரி பண்ணிக்குது. அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் தூக்காதீங்க.

கழுத்து வளையறதுக்கு பதிலா தல பின்னாடி போயி சுருண்டு தலைய ஒடம்புக்குள்ள மறைச்சா அது பயம். நிறுத்திடுங்க. எலியால மூஞ்சில தட்டித் தட்டி கோவப்படுத்தினா கடிச்சு அப்படியே புடிச்சுக்கும்னு சொல்வாங்க, கோவக்கார கார்ன் ஸ்னேக் குட்டிகிட்ட அது சில சமயம் வேல செய்யும், ராயல் பைத்தான்கிட்ட பண்ணாதீங்க, அது இன்னும் இறுகிடும்.

என்ன சைஸ் எலி?

பாம்போட ஒடம்பு நடுவுல எவ்ளோ தடிமனோ அவ்ளோ, மிஞ்சினா ஒன்னரை மடங்கு. எடக்கணக்குல பாம்போட எடையில 10லேருந்து 15 சதவீதம். சாப்பிடாத குட்டிக்கு சைஸ எப்பவும் கொறைங்க. வளரட்டும்னு பெருசா வச்சீங்கன்னா பயந்துடும்.

எல்லாம் சரியா வச்சாச்சு, சூடு சரி, டப்பா சரி, மூனு வாட்டி வச்சும் எடுக்கல. இப்ப என்ன பண்றது?

இப்பதான் வித்தைங்க. ஒரு நேரத்துல ஒன்னு, நடுவுல அஞ்சாறு நாள் இடைவெளி.

நான் மொதல்ல பண்றது டப்பா முறை. தயிர் வாங்கற டப்பா மாதிரி சின்னது, மூடியில ஊசி ஓட்ட, கீழ ஒரு டிஷ்யூ, உள்ள வெதுவெதுன்னு பிங்கி, கூடவே பாம்பு. மூடிய சாத்தி அந்த டப்பாவ பாம்போட டப்புக்குள்ளயே மிதமான சூடு இருக்கற எடத்துல வச்சு, ஹீட் மேட்டுக்கு நேர் மேல இல்ல, மேல ஒரு துணியப் போட்டு ராத்திரி விட்டுடுங்க. எட்டிப் பாக்கக்கூடாது. இருட்டு, இடுக்கு, மூஞ்சிக்குப் பக்கத்துலயே சாப்பாடு, தப்பிக்க பெரிய எடம் இல்லாததுனால அலையறது நிக்கும். பிடிவாதமா இருந்த கார்ன் ஸ்னேக் குட்டிங்கள்ல நெறைய இதுக்கே மசிஞ்சிருக்கு.

அடுத்தது கழுவறது. பிங்கிய வாசன இல்லாத சோப்புல லேசா கழுவி நல்ல தண்ணியில நாலஞ்சு வாட்டி அலசி, தொடச்சு, சூடு பண்ணிக் குடுங்க. எலி வாசன போனதும் சில குட்டி எடுக்கும். அதுக்கும் எடுக்கலன்னா பிங்கியோட மண்டையில ஊசியால குத்தி உள்ள இருக்கறது கொஞ்சம் வெளிய வர மாதிரி பண்றது, கேக்கவே குமட்டும், ஆனா உள்ளதுலயே அதிகமா பலிக்கறது இதுதான், டப்பா முறையோட சேத்துப் பண்ணுங்க.

பல்லி வாசன தடவணும்னு சொல்றாங்களே?

நெசம்தான். அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கம் காட்டுல கார்ன் ஸ்னேக் குட்டி மொதல்ல திங்கறது சின்னப் பல்லி, மரத்தவள இதெல்லாம்தான், எலி அப்புறம்தான். அதனால சில குட்டிக்கு எலின்னா அது சாப்பாடுன்னே புரியாது. பல்லி வாசனைய பிங்கி தலையில தேச்சா புரியும். ஒரு அம்மா தோ பாயோ வீட்டு செவுத்துப் பல்லிய புடிச்சு மகனுக்கு பார்சல் பண்ணட்டுமான்னு கேட்டாங்க, பாசத்துக்கு அளவே இல்ல, ஆனா வேணாம்மா. வெளியில புடிச்ச பல்லியில புழு, ஒட்டுண்ணி இருக்கும், அது குட்டிக்கு ஒட்டிக்கும், தபால்ல போனா கஸ்டம்ஸ்காரன் உங்க மகனத்தான் கூப்பிடுவான். அங்கயே லெப்பர்ட் கெக்கோங்கற வளர்ப்புப் பல்லி வளக்கறவங்ககிட்ட உரிச்ச சட்டத்துண்டு கேட்டு வாங்கி, அத ஈரமாக்கி பிங்கி மேல சுத்திக் குடுங்க. பாட்டில்ல அடைச்ச பல்லி வாசனையும் பாம்பு சாமான் விக்கற கடையில கெடைக்கும்.

ஹாக்னோஸ்னு இன்னொரு வளர்ப்புப் பாம்பு, அதுக்கு உப்புப் போடாத டின் டூனா தண்ணியில பிங்கிய நனைச்சுக் குடுப்பாங்க, நல்லாவே எடுபடும். ராயல் பைத்தானுக்கு கோழிக்குஞ்சு எறகால தடவறது, காட்டுல சின்ன வயசுல அது பறவைக்குஞ்சும் திங்கும். எதுவா இருந்தாலும் ரெண்டு மூனு வேள எடுத்ததுக்கு அப்புறம் வாசனைய கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுட்டே வந்து வெறும் எலிக்கு மாத்திடணும்.

உயிரோட குடுத்தா சாப்பிடுமே?

சாப்பிடலாம். பிங்கிக்கு பல்லு கெடையாது, பாம்ப ஒன்னும் பண்ணாது, அதனால வேற வழியே இல்லன்னா கடைசியா சிலர் உயிருள்ள பிங்கி குடுக்கறாங்க. வளந்த எலிய உயிரோட உள்ள விடவே கூடாது, பசி இல்லாத பாம்ப எலி கடிச்சு எலும்பு தெரிய வச்ச கேஸ் உண்டு. எலி படற பாட்டையும் யோசிங்க, பிரிட்டன்ல இத சட்டத்துக்கும் பயந்து பெரும்பாலும் யாரும் பண்றதில்ல. அந்தந்த ஊர்ல கேட்டுக்கோங்க.

பால் வைக்கலாமா? முட்ட? கோழிக்கறி?

ஆடி மாசம் புத்துக்கு பால் ஊத்தற பழக்கத்துல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், எங்க அத்தையே கேட்டாங்க. பாம்புக்கு பால செரிக்க முடியாது. ரொம்ப தாகத்துல தவிக்கற பாம்பு எத வச்சாலும் குடிக்கும், பாலும் குடிக்கும், அப்புறம் வயித்தால போகும். தண்ணி மட்டும் வைங்க. சாமிக்கு பண்றத சாமிக்கு பண்ணுங்க, அதுல எனக்கு ஒரு வம்பும் இல்ல.

கோழி முட்ட இந்தக் குட்டிங்க வாய்க்குள்ளயே போகாது, முட்ட மட்டுமே திங்கற பாம்பு ஆப்பிரிக்காவுல தனியா இருக்கு. கறித்துண்டும் வேணாம். முழு எலியில எலும்பு, ஈரல், குடல் எல்லாம் இருக்கு, கால்சியம் அங்கேருந்துதான் வருது.

வாயத் தொறந்து ஊட்டிடலாமா?

இதுல ரெண்டு வக. ஒன்னு, பிங்கி தலைய மட்டும் வாயில மெதுவா நொழைச்சு, பல்லுல மாட்டினதும் கைய எடுத்துடறது, மீதிய அதுவே முழுங்கும். இன்னொன்னு, தொண்டைக்குள்ள தள்ளறது, இல்லன்னா டியூப் போட்டு கூழா ஊத்தறது. மொதல்ல சொன்னத பழகின ஒருத்தர் உங்க முன்னாடி செஞ்சு காட்டினதுக்கு அப்புறம் செய்யலாம், எட நெசமாவே எறங்கிட்டே இருந்தா மட்டும். ரெண்டாவது வெட் வேல. வீடியோ பாத்துட்டு பண்ணாதீங்க, பென்சில் தடிமன்கூட இல்லாத குட்டி அது, தொண்ட கிழியும், நாக்குக்குப் பக்கத்துலயே மூச்சுக்குழாய் வாய் இருக்கு, அதுல அடிபட்டா போச்சு. பதறிப் போயி ரெண்டாவது வாரத்துலயே வாயத் தொறந்த குட்டிங்க அப்புறம் மனுசக் கையப் பாத்தாலே சாப்பாட்ட மறந்துடும்.

சாப்பிட்டு ரெண்டு நாள்ல கக்கிடுச்சு

உடனே திரும்ப குடுக்காதீங்க, பசிக்குமேன்னு எரக்கப்பட்டு குடுத்தா திரும்ப கக்கும், ஒவ்வொரு தடவையும் வயித்து அமிலம் தொண்டைய அரிக்கும். பத்து நாளு, முடிஞ்சா ரெண்டு வாரம், தண்ணி மட்டும். அதுக்குள்ள சூட்ட திரும்ப அளங்க, சாப்பிட்ட உடனே யாராவது தூக்கினாங்களான்னு யோசிங்க, எலி ரொம்ப பெருசான்னு பாருங்க. அப்புறம் பாதி சைஸ்ல ஒன்னு. ரெண்டாவது தடவையும் கக்கினா வெட். வயித்து நடுவுல வீக்கமும் இருந்தா கிரிப்டோன்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம், அதுக்கு வைத்தியம் கஷ்டம், மத்த பாம்புக்கும் பரவும், ஒரே இடுக்கிய ரெண்டு டப்புக்கு போடாதீங்க.

வேற எதுக்கெல்லாம் வெட்டுகிட்ட போகணும்?

வாயத் தொறந்து மூச்சு விடுது, மூக்குல வாயில குமிழி வருது, மூச்சு விடறப்ப சத்தம் வருது, வாய் ஓரத்துல சீழோ வீக்கமோ, தலைய மேல தூக்கி மல்லாந்து போகுது, தண்ணிக் கிண்ணத்துல கறுப்பு மொளகுத் தூள் மாதிரி புள்ளி மெதக்குது, அது செள்ளுப் பூச்சி. இதுல ஒன்னு இருந்தாலும் சாப்பாட்டு வித்தைங்க எதுவும் பண்ணாதீங்க, மொதல்ல நோயப் பாக்கணும். நாய் பூன மட்டும் பாக்கற கிளினிக்ல கூட்டத்துல நிக்காம, ஊர்வன பாக்கற வெட் யாருன்னு பாம்பு வாங்கற அன்னைக்கே விசாரிச்சு நம்பர வச்சுக்கோங்க.

ஒரு வருசமா நல்லா சாப்பிட்ட ராயல் பைத்தான், திடீர்னு நிறுத்திடுச்சு

ராயல் பைத்தான் அப்படித்தான், குளிர் காலம் வந்தா வளந்தது மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கும், எட பெருசா எறங்காது. இத படிச்சிட்டு பொரிச்ச குட்டிக்கும் அதே கணக்குன்னு விட்டுடாதீங்க, குட்டிக்கு கையிருப்பு கம்மி. பெருசுக்கு பத்து நாளைக்கு ஒரு வாட்டி வச்சுப் பாருங்க, எடுக்கலன்னா தூக்கிப் போடுங்க, எளகின எலிய திரும்ப ஃபிரீசர்ல வைக்காதீங்க.

ரூம்மேட்டுங்க ஃபிரீசர்ல எலியப் பாத்துட்டு சண்ட போடறாங்க

அவங்க பக்கமும் ஞாயம் இருக்கு. மூடி போட்ட தனி டப்பா, மேல பேரு. எளக வைக்கற கிண்ணம் சமையலுக்கு திரும்ப வரவே கூடாது, கிச்சன் சிங்க்ல கழுவக்கூடாது. எலிக்கும் பாம்புக்கும் சால்மொனெல்லா இருக்கலாம், ஃபிரீசர்ல வச்சா அது சாகாது, கைய சோப்புப் போட்டு கழுவுங்க. வீட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ புள்ளையோ, மாசமா இருக்கறவங்களோ இருந்தா அவங்க தொட வேணாம்.

எங்க பிளாக்குக்குக் கீழ ஒரு குட்டிப் பாம்பு. பசியா இருக்கும் போல, ஏதாவது வைக்கலாமா?

வைக்காதீங்க, புடிக்காதீங்க, டப்பாவுல போட்டு வீட்டுக்கும் கொண்டு போகாதீங்க. அது வளர்ப்புப் பாம்பு இல்ல, அதுக்கு சாப்பாடு தேடத் தெரியும். வீட்டுக்குள்ள வர்றது பல சமயம் ஓநாய்ப் பாம்பு, பல்லி திங்கறதுக்காக வருது, வெஷம் கெடையாது, ஆனா பயந்தா கடிக்கும். சாக்கட ஓரத்துல மஞ்சளும் கறுப்புமா வல போட்ட மாதிரி இருந்தா மலைப்பாம்புக் குட்டியா இருக்கலாம், உலகத்துலயே நீளமா வளர்ற வக அதுதான். கறுப்பா இருந்தா நாகக்குட்டியாவும் இருக்கலாம், நம்ம ஊர்ல நாகம் இருக்கு, குட்டிக்கும் வெஷம் உண்டு. ரெண்டு மூனு மீட்டர் தள்ளி நின்னு கண்ண எடுக்காம என்பார்க்ஸோட 1800-476-1600க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. நாய், புள்ளைங்கள தள்ளி வச்சுக்கோங்க, வெந்நி ஊத்தறேன், தொடப்பத்தால அடிக்கிறேன்னு கெளம்பற அங்கிளயும்.

இன்னும் வாங்கல. சாப்பிடற குட்டியா பாத்து வாங்கறது எப்படி?

இத மொதல்லயே கேட்டிருந்தா மேல இருக்கற பாதி வேணாம். கடையிலயோ வளக்கறவங்ககிட்டயோ அந்தக் குட்டியோட சாப்பாட்டு நோட்ட கேளுங்க, தேதி, என்ன சைஸ், உயிரோடயா ஃபிரீசர் எலியா, எடுத்துதா இல்லயான்னு எழுதி வச்சிருப்பாங்க. கொறஞ்சது அஞ்சாறு வேள ஃபிரீசர் எலிய தானா எடுத்திருக்கணும். முடிஞ்சா உங்க கண்ணு முன்னாடி ஒரு வேள குடுக்கச் சொல்லுங்க, இல்ல வீடியோ கேளுங்க. அவங்க என்ன டப்பு, எவ்ளோ சூடு, எந்த நேரத்துல, இடுக்கியிலயா தரையில வச்சான்னு கேட்டு, மொத மாசம் அதையே அப்படியே பண்ணுங்க. நோட்டு இல்ல, ஆனா நல்லா சாப்பிடும், நான் கேரண்டின்னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க. கலர் புடிச்சிருக்கு, வெலையும் கம்மின்னு ஒன்னு கண்ணுல படும், ஏன் வெல கம்மின்னு கேளுங்க, பாதி சமயம் அதுதான் சாப்பிடாத குட்டி.